கண்ணைப் பொருளிடம் திருப்பி அனுப்புதல்: பழனி மலையில் ஓவிய வகுப்பு

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஓவியம் கற்பித்து வருகிறேன். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் “உங்க ஊரை வரைங்க” என்று சொன்னால், அநேகமாக எல்லாத் தாள்களிலும் ஒரே படம்தான் வரும்: இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே கதிர் விரிக்கும் சூரியன், அடிவாரத்தில் ஒரு கூரை வீடு, அதை ஒட்டி வளைந்து நிற்கும் தென்னை மரம். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊர்களில் தென்னை வளர்வதே இல்லை. வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் தெரியும் மலையும் முக்கோணமாக இருப்பதில்லை. நீண்டு, தணிந்து, பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு நிலங்களாக இறங்கி வரும் மலை அது. கண்ணெதிரே அது இருக்கும்போதே, எப்போதோ யாரோ போட்டுக் காட்டிய படத்தைப் பிள்ளைகள் நினைவிலிருந்து எடுத்துத் தாளில் வைத்துவிடுகிறார்கள்.

இதைக் கைத்திறன் குறை என்று எண்ணுவது பொருந்தாது. அதே பிள்ளைகள் மார்கழியில் புள்ளி வைத்து, ஒரு கோடும் பிசகாமல் சிக்குக் கோலம் போடுகிறார்கள். குழந்தைகள் தாம் காண்பதைக் காட்டிலும் தாம் அறிந்ததையே வரைகிறார்கள் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இல் விரிவாக எழுதினார். வளர்ந்தவர்களை ஆராய்ந்த கோயன், பென்னட் என்ற உளவியலாளர்கள், பார்த்து வரையும்போது நேரும் பிழைகளுக்குக் கையின் தடுமாற்றத்தைவிடப் பொருளைத் தவறாகக் காண்பதே முதன்மைக் காரணம் என்று 1997இல் முடிவு கூறினார்கள். என் வகுப்பறை அனுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. தாளில் விழுந்த கோட்டைத் திருத்திக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, மாணவரின் கண்ணைத் திரும்பத் திரும்பப் பொருளிடம் அனுப்புவதுதான் ஓவிய ஆசிரியரின் வேலை என்பது என் உறுதியான கருத்து. நான் கையாளும் பயிற்சிகள் யாவும் அதற்கான உபாயங்களே.

முதல் பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்வது ஒரு முழுப் பூண்டு. பிள்ளைகளின் வீட்டில் நட்டு, பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, புகை படும்படி தொங்கவிட்டு வைத்திருக்கும் பொருள் அது. அவர்களுக்கு அதைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. தெரிந்த பொருளாக இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறேன். எல்லாரும் முதலில் ஒரு வட்டம் போட்டு, மேலே ஒரு கூம்பு வைத்து, நடுவில் நான்கைந்து வளைகோடுகளைச் சம இடைவெளியில் இழுத்துவிட்டு, “முடிச்சிட்டேன் சார்” என்பார்கள். அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்குகிறது. “எத்தனை பல்லு வெளிய புடைச்சுத் தெரியுது? எது பெருசு?” என்று கேட்பேன். அப்போது குனிந்து பார்ப்பார்கள். பற்கள் சமமாக இல்லை என்பதும், பெரிய பல் இருக்கும் பக்கம் பூண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதும், அந்தச் சாய்வினால் தண்டு நடுவிலிருந்து விலகி நிற்கிறது என்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவரும். மேல் தோலில் ஓடும் மெல்லிய நரம்புகள் புடைப்பின் மீது விலகியும் கழுத்தருகே நெருங்கியும் செல்கின்றன. அடியில் காய்ந்த வேர்க்கொத்து தட்டையாக இராமல் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது. பூண்டு மேசையைத் தொடும் இடத்தில் நிழல் ஒரு மெல்லிய கருங்கோடாகத் தொடங்கிப் பிறகே பரவி வெளிறுகிறது. “எங்க வீட்ல மூட்டை மூட்டையா கிடக்கு சார், இது இப்படிக் கோணலா இருக்கும்னு இப்பத்தான் பாக்குறேன்” என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள். அன்று அவள் இரண்டாவதாக வரைந்த பூண்டு பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் மேசையில் இருந்த அந்தப் பூண்டாக அது இருந்தது.

அடுத்தது தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சி. அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கொலாயிடிசின் நூல் 1941இல் வெளியான பிறகு உலகெங்கும் பரவிய முறை இது. பென்சில் முனை பொருளின் ஓரத்தையே தொட்டுக்கொண்டு போவதாக எண்ணி, கண் நகரும் வேகத்திலேயே கையையும் நகர்த்த வேண்டும். இடையில் தாளைப் பார்க்கக் கூடாது. சொல்லிவிட்டால் மட்டும் பிள்ளைகள் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு அட்டையில் துளையிட்டுப் பென்சிலை அதில் செருகிக்கொள்ளச் சொல்கிறேன். அட்டை கையையும் தாளையும் மறைத்துவிடும். முடிந்தபின் அட்டையை எடுத்தால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குத் தேவை, ஏனென்றால் படம் நன்றாக வர வேண்டும் என்ற அச்சம் அங்கே கழன்றுவிடுகிறது. இந்தப் படங்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. வேகமாக வரைந்தால் இதில் பயன் ஒன்றும் இல்லை என்பதால், ஓர் இலையின் ஓரத்தைச் சுற்றி வர ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே விதி.

தாளைப் பார்த்து வரையத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் வரும். பொருளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, பிறகு நெடுநேரம் தாளிலேயே மூழ்கிவிடுவார்கள். அந்த இடைவெளியில் கண்ட உருவம் மங்கி, பழைய முக்கோண மலை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடிக்கடி, சிறிது நேரம் மட்டும் பொருளைப் பார்ப்பவர்கள் கூடுதல் துல்லியமாக வரைகிறார்கள் என்று கோயன் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதை வகுப்பில் பழக்குவதற்கு பீன்ஸ் விதைகளைப் பயன்படுத்துகிறேன். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். ஒருவர் வரைவார், மற்றவர் அவருடைய கண்களை மட்டும் கவனித்து, கண் நிமிர்ந்து பொருளைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு விதையைக் கிண்ணத்தில் போடுவார். முதல் சுற்றில் விதைகள் கிண்ணத்தின் அடியைக்கூட மூடாது. இரண்டாம் சுற்றில் போட்டி வந்துவிடும். சிலர் விதைக்காகவே தலையை ஆட்டுவார்கள், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். சில வாரங்களில் விதை இல்லாமலேயே தலை நிமிரும் பழக்கம் படிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த பயிற்சிகளுள் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இதுவே.

மாணவரின் தாளில் நான் கோடு போடுவதில்லை. ஆசிரியர் ஒருமுறை பென்சிலை வாங்கி “இப்படி” என்று போட்டுக் காட்டிவிட்டால், அதன்பின் அந்தப் பிள்ளை பூண்டைப் பார்க்காது; ஆசிரியரின் கோட்டைத்தான் பார்க்கும். கேள்வியாகக் கேட்பதே பலனளிக்கிறது: “இந்த ஓரம் எங்க போய் முடியுது? அதுக்கு நேர் கீழ என்ன இருக்கு?” விடை பொருளில்தான் இருக்கும் என்பதால் கண் தானாக அங்கே போகும். ரப்பரையும் கடைசி வரை கொடுப்பதில்லை. தவறான கோடு அங்கேயே இருந்தால்தான் சரியான கோட்டை அதற்கு வலப்பக்கம் போடுவதா இடப்பக்கம் போடுவதா என்று தீர்மானிக்க முடியும். இந்த மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெத்தென்று ஆகிவிடும், ஹெச்.பி. பென்சில் அதில் கீறிப் பள்ளம் செய்யும், ரப்பர் வைத்தால் நார் நாராகப் பெயரும். அந்த மாதங்களில் மென்மையான 4பி பென்சிலை இலேசாகப் பிடித்து வரையச் சொல்கிறேன். தாள்களை மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்துக்கொள்கிறோம்.

அளந்து பார்ப்பது தனிப் பாடம். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியையும் கட்டைவிரலையும் வைத்துப் பொருளின் அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பது எல்லா ஓவிய வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பதுதான். அதில் பலரும் வலியுறுத்தாத ஒன்று, முழங்கை மடியக் கூடாது என்பது. கை சற்று மடங்கினாலும் பென்சில் கண்ணுக்கு அருகே வந்து அளவு மாறிவிடும். பிறகு பிள்ளை அளவு முறையையே நம்பாமல் போய்விடும்.

மலையின் சரிவைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதர்கள் சரிவை எப்போதும் கூட்டியே மதிப்பிடுகிறார்கள். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மேட்டின் அடியில் நின்று பார்த்தவர்கள் 5 பாகைச் சரிவை ஏறத்தாழ 20 பாகை என்றும், 10 பாகைச் சரிவை ஏறத்தாழ 30 பாகை என்றும் கூறினார்கள். தினமும் மேடேறிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் மலையைச் செங்குத்தாக வரைவதில் வியப்பில்லை. அவர்களுடைய கால் அதை அப்படித்தான் அறிந்திருக்கிறது. இதற்கு மருந்து ஜாமெட்ரி பாக்ஸிலேயே இருக்கிறது. பாகைமானியின் நடுப்புள்ளியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டு, பாகைமானியின் நேர் விளிம்பைத் தொலைவில் தெரியும் மலைச்சரிவோடு பொருத்திப் பிடித்தால், நூல் 90இலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுவே சரிவு. முதலில் ஊகத்தை எழுதச் சொல்வேன். “அறுபது” என்றும் “எழுபது” என்றும் எழுதுவார்கள். நூலின் விலகல் முப்பதுக்குள் நின்றுவிடும். நம்ப மாட்டார்கள், கருவி கெட்டுவிட்டது என்பார்கள், நண்பனுடையதை வாங்கிப் பார்ப்பார்கள். அந்த வாக்குவாதத்திற்குப் பிறகு வரையும் மலை, நீண்டு படுத்த மலையாக வருகிறது.

கண்மட்டம் என்பதையும் மலையில் வேறு விதமாகத்தான் கற்பிக்க வேண்டியிருக்கிறது. பாடநூல்கள் தொடுவானத்தைக் காட்டி விளக்கும். எங்கள் பிள்ளைகளுக்குத் தொடுவானம் தெரிவதில்லை, நாற்புறமும் மலைதான். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, கண்ணுக்கு நேரே உயர்த்தச் சொல்கிறேன். தண்ணீரின் மேற்பரப்பு நீள்வட்டமாகத் தெரிந்து, சுருங்கிச் சுருங்கி, ஒரு கட்டத்தில் வெறும் கோடாகிவிடும். அந்தக் கோடுதான் கண்மட்டம். அதன் நேரே எதிர் மலையில் தெரியும் மரமோ வீடோ நாம் நிற்கும் அதே உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலுள்ளவற்றின் அடிப்பக்கமும் கீழுள்ளவற்றின் மேற்பக்கமும் நம் கண்ணுக்குத் தெரியும். பூம்பாறைக்குப் போகும் சாலையிலிருந்து ஊரைப் பார்த்தால் கூரைகளே ஏன் மிகுதியாகத் தெரிகின்றன என்பது இதற்குப் பிறகு அவர்களுக்கே விளங்கிவிடும். அரசு தொழில்நுட்பத் தேர்வில் மாடல் டிராயிங் எழுதப் போகிறவர்கள் டம்ளரின் வாயை நீள்வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடும் பழக்கமும் இந்த பாட்டிலாலேயே மாறுகிறது. மேலிருந்து பார்க்கும்போது, கண்மட்டத்திலிருந்து கூடுதல் கீழே இருக்கும் அடிவட்டம் வாயைவிட அகலத் திறந்த நீள்வட்டமாகத் தெரியும் என்பதைத் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கி அவர்களே கண்டுகொள்கிறார்கள்.

பொருளை விட்டுவிட்டு இடைவெளியை வரையும் பயிற்சிக்கு பைன் காட்டைப் போல வசதியான இடம் கிடையாது. நேராக நிற்கும் மரங்களின் நடுவே தெரியும் வானத்துண்டுகளை மட்டும் வரையச் சொன்னால், மரம் தானாகத் தாளில் எழுந்து நிற்கும். வானத்துண்டுக்கு மனத்தில் தயாரான படம் எதுவும் இல்லாததால் கண் அதை உள்ளபடியே பார்க்கிறது. படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையும் முறை 1979இல் அமெரிக்க ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸின் நூலால் புகழ்பெற்றது. உள்ளபடி பார்த்து வரைவது மூளையின் வலப்பாதியின் வேலை, பெயரிட்டு அறிவது இடப்பாதியின் வேலை என்று அதற்குச் சொல்லப்பட்ட விளக்கத்தை இன்றைய நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை. முறை மட்டும் வேலை செய்கிறது. இருந்தாலும் அதை நான் ஆண்டுத் தொடக்கத்தில் மட்டுமே பயன்படுத்துகிறேன். தட்டையான படத்தைத்தான் தலைகீழாக்க முடியும்; எதிரே நிற்கும் மாட்டைத் தலைகீழாக்க முடியாதல்லவா!

மூடுபனி எங்கள் வகுப்புக்குத் தொல்லையும் துணையுமாக இருக்கிறது. காற்றில் உள்ள நீர்த்திவலைகள் ஒளியைச் சிதறடிப்பதால், தொலைவு கூடக் கூட மலைமுகடுகள் வெளிறி, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு குறைந்துகொண்டே போகும். பிள்ளைகளோ, “மலை கறுப்புதானே” என்று கடைசி முகட்டையும் அழுத்திக் கறுப்பாக்குவார்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டங்கள் தீட்டிய ஒரு காகிதப் பட்டையை ஒவ்வொருவரும் செய்து, கண்ணைச் சுருக்கி, பட்டையை மலைக்கு எதிரே பிடித்து, எந்தக் கட்டத்தோடு எந்த முகடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். பனி முழுதாக மூடிவிட்டால் வகுப்பை நிறுத்த மாட்டேன். சற்று முன் பார்த்ததை நினைவிலிருந்து தொடரச் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர் நினைவிலிருந்து வரைவதை ஒரு முறையான பயிற்சியாகவே நடத்தினார். சிற்பி ரோதன் அவரிடம் படித்தவர். பனி விலகியதும் நினைவுப் படத்தையும் மலையையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதை மற்றொரு நிறத்தில் குறிக்கிறோம். எதை விட்டோம் என்று தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த முறை அதையே முதலில் தேடுகிறது.

கொடைக்கானலில் பார்த்து வரைவதற்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதில்லை. 1899இல் தொடங்கப்பட்ட இங்குள்ள சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் நூறாண்டுக்கும் மேலாக, சூரிய வட்டத்தின் மீது அட்ச, தீர்க்கக் கோடுகள் அமைந்த தாளில் கரும்புள்ளிகளையும் பிழம்புகளையும் நிறம் பிரித்துக் கையால் குறித்து வந்திருக்கிறார்கள். சூரியனைப் பற்றிய நீண்டகால ஆய்வுகளுக்கு அந்தத் தாள்கள் இன்றும் பயன்படுகின்றன. இரண்டு மலைகளுக்கு நடுவே கதிரோடு சூரியனைப் போடும் பிள்ளைகளிடம், இதே ஊரில் சூரியனின் ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய இடத்தில் குறித்து வரைந்தவர்கள் இருந்தார்கள் என்று சொன்னால் நன்றாக மனத்தில் பதிகிறது. அந்தத் தாள்களில் அழகுக்காகப் போட்ட கோடு ஒன்றுகூட இல்லை. கூடவே, சூரியனை ஒருபோதும் வெறும் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊசித்துளை வழியே அட்டையில் விழும் உருவத்தைப் பார்த்தால் போதும்.

தாவரங்களுக்கும் அப்படியொரு மரபு உண்டு. 1836இல் பழனி மலையில் தாவரங்களைத் திரட்டிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கய்யா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். செடியின் கிளையை முழுதாக வரைந்து, அருகே பூவின் உறுப்புகளைப் பிரித்துப் பெரிதாக்கிக் காட்டுவது அந்தப் படங்களின் முறை. நாங்களும் பேஷன் ஃப்ரூட் பூவை அப்படியே செய்கிறோம்: முதலில் எண்ணி எழுத வேண்டும். ஐந்து மகரந்தத் தாள், மூன்று சூல்முடி. எண்ணியதற்குப் பிறகுதான் பென்சில். விலங்குகளுக்கு செண்பகனூர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உதவுகிறது. பாடம் செய்யப்பட்ட விலங்கு அசையாமல் நிற்கும் என்பதால், பின்னங்காலில் பின்னோக்கி மடிவது முழங்கால் இல்லை, குதிகால் என்பதைப் பொறுமையாகக் காட்ட முடிகிறது.

பெற்றோர்களுக்கு இந்த வகுப்பு எளிதில் பிடிப்பதில்லை. “என்னங்க சார், கலர் ஒண்ணும் அடிக்கலையா?” என்று கேட்பார்கள். கண்காட்சிக்கும் போட்டிக்கும் வண்ணம் நிறைந்த பெரிய படத்தையே எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். அதை நான் மறுப்பதில்லை, அதற்கென்று சில பீரியடுகளை ஒதுக்கிவிடுகிறேன். மதிப்பீட்டை மட்டும் வேறு வழியில் வைத்திருக்கிறேன். ஜூன் மாதத்தில், எதுவும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே, ஒவ்வொருவரும் தம் இடக்கையை வரைந்து தேதியிட்டுத் தர வேண்டும். மார்ச் மாதத்தில் அதே கையை மறுபடியும் வரைவார்கள். இரண்டையும் ஓர் அட்டையில் அருகருகே ஒட்டிப் பெற்றோரிடம் காட்டினால் விளக்கம் தேவைப்படுவதில்லை. கட்டைவிரல் மற்ற விரல்களோடு வரிசையாக முளைக்காமல் மணிக்கட்டுப் பக்கமிருந்து பிரிகிறதா, அதன் நகம் பக்கவாட்டில் திரும்பித் தெரிகிறதா, விரல்களின் நடுவே உள்ள இடைவெளிகள் வெவ்வேறு வடிவில் இருக்கின்றனவா, மணிக்கட்டு உள்ளங்கையைவிடக் குறுகியதாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறேன். நிழல் தீட்டியதற்கென்று தனியே எதுவும் தருவதில்லை.